கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு ‘கரும்பேய்’! - மின்சாரத்தால் உலகைப் பார்க்கும் மீனும், பக்கெட்டில் திரும்பி வந்த கதையும்

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. வில்லிவாக்கம் ரயில் நிலையத்தில் மின்சார ரயில் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களில் சிலரின் கையில் மூடி போட்ட காலி டப்பாக்கள். சிலர் குழந்தைகளைக் கையில் பிடித்தபடி ஆட்டோ தேடுகிறார்கள். “எங்க சார், கொளத்தூர் மீன் கடைக்கா?” - ஆட்டோ டிரைவருக்கு பதில் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவோடு வருகிறவர்கள் வேறெங்கே போகப்போகிறார்கள்?

வட சென்னையின் கொளத்தூர், வண்ண மீன்களின் ஊர். சமையலுக்கு மீன் வாங்க காசிமேடு என்றால், தொட்டியில் வளர்க்க மீன் வாங்க கொளத்தூர். தெருவுக்குத் தெரு கண்ணாடித் தொட்டிகள், நீலப் பின்னணித் தாள், மோட்டார் சத்தம், ஈர வாசனை. கடை வாசலில் காற்று நிரப்பிய கவர்களில் ஃபைட்டர் மீன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ், ஆஸ்கார் என்று பெயர் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போகிறது. சுற்றுவட்டாரத்திலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். இங்கிருந்து வெளி மாநிலங்களுக்கும் மீன்கள் போகின்றன.

கடைகளின் முன்வரிசையில் சிவப்பும் மஞ்சளும் பளபளக்கும். ஆனால், நாம் பார்க்கப்போகும் மீன் பின்வரிசையில், வெளிச்சம் குறைந்த மூலையில், ஒரு பிவிசி குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது.

“அப்பா, இது ரிவர்ஸ்ல போகுது!”

முகப்பேரிலிருந்து வந்திருக்கும் ஒரு சிறுமிதான் அதை முதலில் பார்த்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கரிக்கட்டை போல மீன். மூக்கிலிருந்து முதுகு வழியாக ஒரு வெள்ளைக் கோடு, வாலில் இரண்டு வெள்ளை வளையங்கள். முதுகில் துடுப்பே இல்லை. வயிற்றுக்கு அடியில் மட்டும் ரிப்பன் போல நீளமாக ஒரு துடுப்பு, காற்றில் புடவைத் தலைப்பு அலைவதைப் போல அலைகிறது. உடம்பு வளையவே இல்லை. குழாயிலிருந்து தலையை நீட்டிய மீன், அப்படியே திரும்பாமல் பின்பக்கமாகவே உள்ளே போய்விட்டது.

“அப்பா, இது ரிவர்ஸ்ல போகுது! பின்னாடி கண்ணு இருக்கா?”

அப்பாவுக்கு பதில் தெரியவில்லை. கடைக்காரர் சிரிக்கிறார். “கண்ணு முன்னாடிதான் பாப்பா இருக்கு. ஆனா, அது கண்ணால பாக்குறதே கொஞ்சம்தான். இதுக்கு உடம்பு பூரா கரன்ட்டு.”

சிறுமி சட்டென்று தொட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

கடைகளில் இதன் பெயர் ‘பிளாக் கோஸ்ட்’. விளையாட்டாக ‘கரும்பேய்’ என்பவர்களும் உண்டு. முழுப்பெயர் பிளாக் கோஸ்ட் நைஃப் ஃபிஷ். கத்தி போன்ற உடல்வாகு என்பதால் ‘நைஃப்’. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை உள்ளிட்ட பகுதிகள்தான் சொந்த ஊர். 1766-ம் ஆண்டிலேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார் ஸ்வீடனின் லின்னேயஸ். இன்றைய பெயர் ஆப்டெரோனோட்டஸ் ஆல்பிஃப்ரான்ஸ். ‘துடுப்பற்ற முதுகு, வெள்ளை நெற்றி’ என்று பொருள். பார்த்ததை அப்படியே பெயராக்கியிருக்கிறார்கள்.

அமேசான் மீன் கொளத்தூருக்கு எப்படி வந்தது? எல்லா மீனும் காட்டாற்றில் பிடித்தது அல்ல. இந்தோனேசியாவில் இந்த மீனைப் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டு, உலகமெங்கும் அனுப்புகிறார்கள். விரல் நீளக் குஞ்சாக, ஆக்சிஜன் நிரப்பிய கவரில் விமானம் ஏறி வருகிற மீனுக்கு இங்கே சில நூறு ரூபாய்தான் விலை.

கரன்ட் அடிக்குமா?

முதலில் அந்தச் சிறுமியின் பயத்தைத் தீர்த்துவிடலாம். அடிக்காது.

மின்சார மீன் என்றதும் நம் நினைவுக்கு வருவது ‘எலெக்ட்ரிக் ஈல்’. பெயரில்தான் ஈல். விலாங்கு மீனுக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. அதுவும் இந்தக் கத்தி மீன்களின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், எலெக்ட்ரிக் ஈலில் ஓர் இனம் 860 வோல்ட் வரை மின்சாரம் பாய்ச்சுவதைப் பதிவு செய்தார்கள். நம் வீட்டு மின் இணைப்பு 230 வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். இரையைத் தாக்கவும் எதிரியை விரட்டவும் அது மின்சாரத்தை ஆயுதமாகப் பயன்படுத்துகிறது.

பிளாக் கோஸ்ட் அதன் சாதுவான சொந்தக்காரர். இது வெளியிடும் மின்சாரம் மில்லிவோல்ட் கணக்கில்தான். தொட்டிக்குள் கையை விட்டாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு மின்சாரம் ஆயுதமல்ல, டார்ச் லைட்!

அமேசான் பகுதி ஆறுகளில் பல இடங்களில் தண்ணீர் கலங்கலாக இருக்கும். இந்த மீனோ இரவில் இரை தேடுவது. கண்ணை நம்பினால் பட்டினிதான். அதனால், உடலில் இருக்கும் மின் உறுப்பால் தன்னைச் சுற்றி மெல்லிய மின்புலத்தை உருவாக்கிக்கொள்கிறது. தோல் முழுக்க ஆயிரக்கணக்கான உணர்விகள். பக்கத்தில் ஒரு புழு வந்தால், அதன் உடல் தண்ணீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஒரு கல் வந்தால் அது கடத்தாது. இரண்டும் மின்புலத்தை வெவ்வேறு விதமாகக் கலைக்கும். அந்தக் கலைவு தோலில் நிழல் போல விழ, மீன் புரிந்துகொள்கிறது: இது சாப்பாடு, அது கல். சில சென்டிமீட்டர் தூரம்தான் இந்தப் ‘பார்வை’ எட்டும். ஆனால், உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் எட்டும். அதனால்தான் திரும்பிப் பார்க்காமலே ரிவர்ஸ் எடுக்க முடிகிறது!

உடம்பை வளைக்காமல் நீந்துவதற்கும் இதுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உடம்பு வளைந்தால் மின்புலமும் சேர்ந்து கலையும். அதனால் உடம்பைக் குச்சி போல வைத்துக்கொண்டு, அடித்துடுப்பை மட்டும் அலை அலையாக ஓட்டுகிறது. முன்னால் போக ஒரு திசையில் அலை, பின்னால் போக எதிர்த்திசையில் அலை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் இதைப் பார்த்து ‘கோஸ்ட்பாட்’ என்று ஒரு ரோபோ மீனையே செய்திருக்கிறார்கள்.

இந்த ரகசியத்தை முதலில் உடைத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மன். அவர் ஆராய்ந்தது ஆப்பிரிக்காவின் ஜிம்னார்க்கஸ் என்ற மீனை. அதுவும் எதிலும் இடிக்காமல் பின்பக்கமாக நீந்தக்கூடியது. அதன் வாலிலிருந்து இடைவிடாமல் மின் சமிக்ஞைகள் வருவதை 1951-ல் அறிவித்தார். பிறகு சகாவான மேச்சினுடன் சேர்ந்து, வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு மண்குடுவைகளைத் தண்ணீரில் வைத்துச் சோதித்தார். உள்ளே மின்சாரம் கடத்தும் பொருள் இருக்கிறதா, கடத்தாத பொருள் இருக்கிறதா என்று மீன் சரியாகக் கண்டுபிடித்தது. 1958-ல் அந்த முடிவு வெளியானது. ஆப்பிரிக்க மீனும் அமேசான் மீனும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டும் தனித்தனியாக ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டவை.

நம்மூர் ஆறு, ஏரிகளிலும் கத்தி போன்ற மீன் உண்டே என்று சிலர் கேட்கலாம். சொட்டைவாளையைத்தான் சொல்கிறீர்கள். உருவம் அப்படியே இருக்கும். ஆனால், அதற்கு இந்த மின்சார வித்தை கிடையாது.

ஒத்து ஊதும் மீன்!

கொளத்தூர் கடையில் இப்போது சின்னக் கூட்டம். காரணம், தோளில் பையோடு வந்த பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர். கிட்டாருக்கான சிறிய பேட்டரி ஸ்பீக்கர் ஒன்றை எடுக்கிறார். அதில் செருகிய ஒயரின் இரண்டு முனைகளையும் சீவி, தொட்டியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தண்ணீரில் விடுகிறார். கடைக்காரரிடம் கேட்டு மோட்டாரையும் விளக்கையும் அணைத்தாயிற்று.

“கேளுங்க” என்கிறார்.

‘பீ...’ என்று ஒரே சுருதியில் ஒலி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கல்யாணங்களில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒத்து ஊதுவார்களே, அதுபோல. ஆனால், மூச்சு வாங்க நிற்கவில்லை.

“அதுதான்ணா இந்த மீனோட கரன்ட்டு. செகண்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் தடவை துடிக்குது. அதை ஸ்பீக்கர் சத்தமா மாத்துது, அவ்ளோதான். இது நிக்கவே நிக்காது. தூங்குறப்பகூட ஓடிட்டேதான் இருக்கும்.”

பெரும்பாலான மின்மீன்களுக்கு மின் உறுப்பு தசையிலிருந்து உருவானது. வளர்ந்த பிளாக் கோஸ்ட்டுக்கோ அது நரம்பு செல்களாலேயே ஆனது. அதனால்தான் இவ்வளவு வேகம்.

மாணவர் ஒயரைப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் இன்னொரு பிளாக் கோஸ்ட்டுக்கு மாற்றுகிறார். அதே ஒலி, ஆனால் சுருதி கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சுருதி. இரண்டு மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, இரண்டின் சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வீணைத் தந்திகளைச் சேர்க்கும்போது ஒலி அலை அலையாகக் கேட்குமே, அதுபோல மின்புலம் தடுமாறும். மீன்களுக்குப் ‘பார்வை’ மங்கும். அப்போது அவை தங்கள் சுருதியை மாற்றிக்கொள்ளும்! கிளாஸ் நைஃப் என்று கடைகளில் விற்கும் கண்ணாடி போன்ற கத்தி மீனில் இதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த வதனாபே, தகேதா ஆகியோர். ஆண்டு 1963.

“இரண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா, ஒருத்தர் குரலை மாத்திக்கிற மாதிரியா?” என்கிறார் சிறுமியின் அப்பா.

“அதேதான் சார்.”

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் மட்டும்தான். வீட்டு மின் இணைப்பில் செருகிய எந்தக் கருவியின் ஒயரையும் தண்ணீரில் விடவே கூடாது. பிள்ளைகள் பெரியவர்கள் துணையில்லாமல் செய்யக் கூடாது.

சிறுமி முடிவே செய்துவிட்டாள். “அப்பா, இதுதான் வேணும்.” அப்பா பர்ஸை எடுக்கிறார். கடைக்காரர் வலையை எடுக்கிறார்.

அந்த நேரத்தில்தான் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

பக்கெட்டில் வந்தவர்

பைக்கை ஓட்டி வந்தவர் பெரம்பூர்க்காரர். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். பின்னால் அவர் மகன், ஏழாம் வகுப்பு. மடியில் மூடி போட்ட பெயின்ட் பக்கெட் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். சட்டையெல்லாம் ஈரம்.

பக்கெட்டைத் திறந்ததும் கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு பிளாக் கோஸ்ட். தொட்டியில் இருப்பது விரல் நீளம் என்றால், இது ஒரு அடிக்கு மேல். பக்கெட்டின் வட்டத்துக்கு ஏற்ப வளைந்து படுத்திருக்கிறது. வால் நுனி சிதைந்திருக்கிறது.

“அண்ணா, இதை நீங்களே எடுத்துக்கங்க. காசெல்லாம் வேணாம்.”

“கொடுத்த மீனைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார். நோய் கீய் இருந்தா கடை மீனெல்லாம் போயிடும்.”

“மூணு வருஷம் முன்னாடி இங்கதான் வாங்கினேன். இத்தனூண்டு இருந்துச்சு. வீட்டுல ரெண்டடித் தொட்டி. இப்போ அதால திரும்பக்கூட முடியல. வால் கண்ணாடியில இடிச்சு இடிச்சு இப்படி ஆயிடுச்சு. இவ்ளோ பெருசாகும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே!”

கடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. வலையைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லல சார். நீங்க கேக்கல, நானும் சொல்லல.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரம்பூர்க்காரர்தான் தொடர்ந்தார். “வர்ற வழியில ரெட்டேரியில விட்டுடலாம்னுதான் இருந்தேன். பையன் பக்கெட்டை விடவே இல்ல. ‘அங்க விட்டா செத்துடும்ப்பா’னு ஒரே அழுகை.”

ரெட்டேரியில் விட்டால்..?

கொளத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ரெட்டேரி. இரட்டை ஏரிதான் பேச்சுவழக்கில் ரெட்டேரி. வீட்டில் வளர்க்க முடியாமல் போன மீனை ‘புண்ணியமாகப் போகட்டும்’ என்று ஏரியில் விடுவது பலரும் செய்வது. ஆனால், அதில் புண்ணியம் இல்லை.

பிளாக் கோஸ்ட் ஆக்சிஜன் நிறைந்த, அழுக்கில்லாத தண்ணீர் கேட்கும் மீன். நகரத்து ஏரியில் அது சாகவே வாய்ப்பு அதிகம். ஒருவேளை சாகாமல் பிழைத்துக்கொண்டால்? அது இன்னும் கெட்டது. அதற்கு உதாரணம் தேட வெளிநாடு போக வேண்டாம். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று வாங்கி வளர்க்கிறோமே, ‘டேங்க் கிளீனர்’ என்கிற சக்கர் மீன், அதுவும் தென் அமெரிக்க மீன்தான். பெரிதானதும் ஏரியிலும் குளத்திலும் விட்டார்கள். பண்ணைகளில் இருந்தும் தப்பியது. முள்ளும் ஓடுமாக இருக்கும் அதை மற்ற மீன்கள் லேசில் தின்ன முடியாது. இன்று சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலை வீசினால் நாட்டு மீனுக்குப் பதில் அதுதான் சிக்குகிறது என்று மீனவர்கள் புலம்புகிறார்கள். வலையையும் கிழித்துவிடுகிறது, விலையும் போவதில்லை.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும், இன்றும் நீர்நிலைகளில் அது இருக்கிறது. தண்ணீருக்குள் ஒருமுறை போன மீனை எந்தச் சட்டத்தாலும் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் பாடம்.

தொட்டிக் கணக்கு

அப்படியானால், பிளாக் கோஸ்ட்டை வீட்டில் வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். ஆனால், கடையில் பார்க்கிற விரல் நீள மீனுக்குக் கணக்குப் போடக் கூடாது. நன்றாக வளர்ந்தால் இது ஒன்றரை அடியைத் தொடும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அந்த மீனுக்குக் கணக்குப் போட வேண்டும்.

பல வீடுகளில் இருப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. அதில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வளர்ந்த பிளாக் கோஸ்ட் தாராளமாகத் திரும்பி நீந்த 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி நல்லது. அதில் சுமார் 680 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, தண்ணீர் மட்டுமே 680 கிலோ! கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் தனி. அபார்ட்மென்ட் மூன்றாவது மாடியில் வைப்பதற்கு முன்பு கட்டட இன்ஜினீயரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம்.

இவ்வளவு இடமும் பராமரிப்பும் தர முடிகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மறைவிடம்: பகலில் ஒளிந்திருப்பது இதன் சுபாவம். குழாய் வைக்காவிட்டால் மிரண்டுபோகும். அனுபவசாலிகள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வைக்கிறார்கள். மீன் ஒளிந்துகொண்டதாக நினைத்துக்கொள்ளும். நமக்கும் மீன் தெரியும்!

• சாப்பாடு: இரவு உணவுக்காரர். விளக்கை அணைத்த பிறகு ரத்தப்புழு, மண்புழு, சின்ன இறால் கொடுக்கலாம். பழகிவிட்டால் கையிலிருந்தே வாங்கித் தின்னும்.

• தண்ணீர்: 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. நல்ல ஃபில்டர் வேண்டும். வாரம்தோறும் ஒரு பகுதித் தண்ணீரை மாற்ற வேண்டும். கரன்ட் போனாலும் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

• மருந்து: மற்ற மீன்கள் தாங்கும் அளவை இது தாங்காது. தாமிரம் கலந்த மருந்துகளில் கூடுதல் கவனம் தேவை.

• துணை: வாயில் அடங்கும் சின்ன மீன்களைச் சாப்பிட்டுவிடும். வாலைக் கடிக்கும் முரட்டு மீன்களும் வேண்டாம். சிறிய தொட்டியில் இரண்டு பிளாக் கோஸ்ட்டுகளை ஒன்றாக விட்டால் சண்டைதான்.

• மூடி: தொட்டிக்குக் கட்டாயம். துள்ளி வெளியே விழுந்த மீன்கள் நிறைய.

வளர்க்க முடியாமல் போனால் ஏரி, குளம், கிணறு, கால்வாய் எதிலும் விட வேண்டாம். பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். நேரம் ஆனாலும் அதுதான் வழி.

மூன்று வருடமாகக் கேட்காத குரல்

கடையில் பேச்சு இன்னும் முடியவில்லை. கடைக்காரர் போனை எடுத்து இரண்டு மூன்று பேரிடம் பேசினார். முதல் இரண்டு அழைப்புகளில் வேலை நடக்கவில்லை. மூன்றாவது அம்பத்தூரில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்.

“அண்ணே, உங்க ஆறடித் தொட்டியில இப்ப என்ன ஓடுது? ஆஸ்காரா? அப்ப வேணாம், கடிச்சிடும்... என்னது, ஆஸ்காரை மாத்திட்டீங்களா? அப்படின்னா ஒரு பெரிய பிளாக் கோஸ்ட்டு இருக்குண்ணே. காசு வேணாம். வால்ல லேசா அடி. வளந்துடும்.”

வளரும் என்றது ஆறுதலுக்காக அல்ல. இந்த வகை மீன்களுக்கு இழந்த வால் நுனி மீண்டும் வளரும். விஞ்ஞானிகள் வியந்து ஆராயும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

போனை வைத்துவிட்டுப் பெரம்பூர்க்காரரைப் பார்த்தார் கடைக்காரர். “சாயங்காலம் வந்து எடுத்துக்கிறாராம் சார். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். மத்த மீனோட சேக்க மாட்டேன், தனித்தொட்டிதான்.”

காலியாக இருந்த நான்கடித் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பினார்கள். பக்கெட்டுத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் சமமாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள். கடைசியாக மீனை விட்டதும், அது தரையோடு தரையாகக் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு அடித்துடுப்பு அலையத் தொடங்கியது. தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நேராகப் போயிற்று. திரும்பாமல் அப்படியே பின்பக்கமாக வந்தது.

முகப்பேர் அப்பா பர்ஸைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மகளிடம் என்ன சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் அவளே கேட்டாள், “நம்ம வீட்டுல இவ்ளோ பெரிய தொட்டி எங்கப்பா வைக்கிறது?”

“வைக்க இடம் இல்லம்மா.”

“அப்போ கப்பி வாங்கலாம். அது பெருசாகாதுல்ல?”

“ஆகாது பாப்பா” என்றார் கடைக்காரர். “ஆனா, குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். அதையும் இப்பவே சொல்லிடுறேன்!” கூட்டம் சிரித்தது. கேட்காமலே அவர் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

பெரம்பூர் பையன் மட்டும் தொட்டியை விட்டு நகரவில்லை. பொறியியல் மாணவர் ஸ்பீக்கரை எடுத்து வைக்கப்போனவர், பையனைப் பார்த்து நின்றார். ஒன்றும் கேட்காமல் ஒயர்களை அந்த நான்கடித் தொட்டியில் விட்டார்.

‘பீ...’

“தம்பி, இது உன் மீனோடது.”

மூன்று வருடம் ராத்திரி ராத்திரி விழித்திருந்து மண்புழு போட்டவன். அதற்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்பாவின் போனை வாங்கி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்துகொண்டான்.

காலி பக்கெட்டோடு பைக் கிளம்பியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனைக் காதோடு வைத்திருந்தான். ரெட்டேரி சிக்னலை நோக்கி வண்டி திரும்பியது.